வெயில் நாட்களில் நாயோடு வெளியே: நேரம் பார்ப்பதிலிருந்து பக்கெட்டில் தலை முக்குவது வரை

எங்கள் மணி ஒரு லாப்ரடார். பந்து என்றால் அவனுக்கு உயிர். மூன்று வயதில் ஒரு நாள் மாலை, வெயில் தாழ்ந்துவிட்டது என்று நம்பி மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பந்து எறிந்துகொண்டிருந்தேன். எறிந்தேன், ஓடினான், கொண்டுவந்து காலடியில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மறுபடி எறிந்தேன். பத்துப் பதினைந்து முறை இருக்கும். கடைசி முறை பந்தைக் கவ்வியவன் பாதி வழியில் நின்றான். பந்தைக் கீழே போட்டு, அதன் பக்கத்திலேயே படுத்துவிட்டான். நாக்கு நுனி கரண்டி மாதிரி அகன்று, ஓரங்கள் மேலே சுருண்டிருந்தன. கூப்பிட்டால் வாலை மட்டும் ஒருமுறை ஆட்டினான், எழுந்திருக்கவில்லை. பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் இருந்ததால் தப்பித்தோம்.

அன்று எனக்கு உறைத்தது ஒன்றுதான்: நாய் தானாக நிறுத்தாது. நாம் எறியும்வரை அது ஓடும், நாம் ஓடும்வரை கூடவே வரும். எப்போது போதும் என்று முடிவு செய்வது கயிற்றின் இந்த முனையில் இருப்பவரின் வேலை. கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதுதான்.

நாய்க்கு வெப்பப் பாதிப்பு என்றதும் பலருக்கும் பூட்டிய கார்தான் நினைவுக்கு வரும். அது ஆபத்து என்பதில் சந்தேகமே இல்லை. வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளிலேயே, மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 31 டிகிரியைத் தாண்டும், அரை மணியில் 40-ஐத் தொடும். ஆனால் பிரிட்டனில் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகமும் ராயல் வெட்டரினரி காலேஜும் சேர்ந்து கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை அலசி 2020-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. காரணம் பதிவாகியிருந்த வெப்பப் பாதிப்புகளில் ஏறக்குறைய 74 சதவீதம் உடற்பயிற்சியால் வந்தவை. காரில் அடைபட்டதால் வந்தவை 5 சதவீதம் அளவுதான். நாயை விட்டுவிட்டுப் போனவர்களைவிட, ஆசையாக வெளியே கூட்டிப்போனவர்களிடம்தான் அதிகம் நடந்திருக்கிறது.

அதற்காகக் கோடை முழுவதும் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கவும் முடியாது. ஓடியாட வழியில்லாத நாய் செருப்பைக் கடிக்கும், சோபாவைப் பிய்க்கும், உடம்பும் பெருத்துவிடும். பெருத்த நாய்க்கு வெயில் இன்னும் கெடுதல். கூட்டிப்போகத்தான் வேண்டும், விவரத்தோடு.

நாயின் உடம்பு எப்படிக் குளிர்கிறது

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி. நம்மைவிடக் கூடுதல். ஓடும்போது தசைகள் வேலை செய்து அது இன்னும் ஏறும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது, நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அதன் முக்கியமான வழி மூச்சிரைப்பு: நாக்கிலும் மூக்குக்குள்ளும் தொண்டையிலும் இருக்கும் ஈரம் காற்றில் ஆவியாகும்போது ரத்தம் குளிர்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும். அதனால் 30 டிகிரியும் புழுக்கமுமான நாள், 34 டிகிரியும் வறண்ட காற்றுமான நாளைவிட நாய்க்கு மோசமாக இருக்கலாம். போனில் வானிலை பார்க்கும்போது ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, மூச்சு தாராளமாகப் போய்வர வழியில்லாத நாய்க்கு எந்தப் பயிற்சியும் இரட்டைச் சுமை.

படி 1: உங்கள் நாய் எந்த ரகம் என்று பாருங்கள்

பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாக்ஸர், ஷிட்சு, பெக்கினீஸ் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். இவற்றை வெயில் நாளில் ஓடவிடவே கூடாது என்பது என் கருத்து. நிழலில் மெதுவான பதினைந்து நிமிட நடை போதும். நடக்கும்போதே குறட்டை மாதிரிச் சத்தம் வந்தால் அதை ‘அழகு’ என்று ரசிக்காதீர்கள். அது மூச்சுக்குப் போராடும் சத்தம்.

வயதான நாய், குட்டி, இதய நோயோ மூச்சுக் கோளாறோ உள்ள நாய், பருமனான நாய் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வயதான பெரிய நாய், குறிப்பாக லாப்ரடார், குரைக்கும் குரல் திடீரென்று கரகரப்பாகி, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் குரல்வளைத் தசை தளர்ந்திருக்கலாம். கோடைக்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இளம் லாப்ரடாரிலும் ஒரு சிக்கல் உண்டு. சில நாய்களுக்கு ஒரு மரபணு மாற்றத்தால், வேகமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் பின்னங்கால்கள் துவண்டு விழும். அந்த மரபணுவை 2008-இல் கண்டுபிடித்தார்கள், இப்போது பரிசோதனையும் இருக்கிறது. மணிக்கும் எடுத்தோம். அவனுக்கு அது இல்லை, தப்பு முழுக்க என்னுடையதுதான்.

ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற அடர்ந்த இரட்டை ரோமம் உள்ள நாய்களை மொட்டையடித்துவிடலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். மேல்ரோமம் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. உள்ளே உதிர்ந்து அடைந்து கிடக்கும் அடிரோமத்தைச் சீவி எடுத்தாலே காற்று உள்ளே போகும்.

படி 2: நேரத்தையும் தரையையும் பாருங்கள்

காலையா மாலையா என்றால் யோசிக்காமல் காலை என்பேன். சூரியன் இறங்கியதும் காற்று குளிர்ந்துவிடும், தார் ரோடு குளிராது. பகல் முழுக்க வாங்கிய சூட்டை அது மணிக்கணக்காக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். நம் முகத்தில் படும் காற்றை வைத்து நாம் கணக்குப் போடுகிறோம், நாயின் வயிறோ தரைக்கு ஓரடி மேலே இருக்கிறது. மணி விழுந்த அன்று நான் செய்த தவறும் இதேதான். விடிகாலையில் ரோடு, சுவர், காற்று மூன்றும் ஆறியிருக்கும்.

காற்று 25 டிகிரியாக இருக்கும்போதே நேர் வெயிலில் கிடக்கும் தார் ரோடு 50 டிகிரியைத் தாண்டலாம். சோதனை சுலபம்: புறங்கையைத் தரையில் அழுத்தி 7 விநாடி வையுங்கள். கை தானாக விலகினால் நாய்க்கும் அந்த இடம் ஆகாது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். வீட்டு வாசல் நிழலில் இருக்கும், தெருமுனை திரும்பியதும் வெயிலாக இருக்கும். இரும்பு மூடிகள், உலர் மணல், செயற்கைப் புல் மூன்றும் ஏமாற்றும். செயற்கைப் புல்லைப் பச்சையாக இருக்கிறதே என்று நம்பிக் கால் வைத்தால் சுடும். மண் பாதை, மர நிழல், நிஜப் புல் இருக்கும் வழியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: இரண்டு வாரம் பழக்குங்கள்

குளிர்காலம் முழுக்கச் சோம்பிக் கிடந்த நாயை முதல் வெயில் ஞாயிற்றுக்கிழமையில் மலையேற்றத்துக்குக் கூட்டிப்போவது வம்பை விலைக்கு வாங்குவது. நாயின் உடம்பு வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் இருபது நாள் வரை ஆகும். முழுமையாகப் பழக இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். முதல் மூன்று நான்கு நாள் பத்து நிமிட மென்னடை. அப்புறம் தினமும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். இடையில் ஒரு வாரம் மழை பெய்து குளிர்ந்துவிட்டால் கொஞ்சம் பின்னால் வந்து தொடங்குங்கள். திடீரென வரும் வெப்ப அலை எப்பேர்ப்பட்ட திடமான நாயையும் சாய்த்துவிடும். அந்த நாட்களில் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு வீட்டிலேயே இருங்கள்.

படி 4: என்ன போடுவது, என்ன எடுத்துக்கொள்வது

கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் நல்லது, மூச்சுக்குழாய் நசுங்காது. ஆனால் உடம்பையே மூடும் கனத்த மெத்தை வைத்த ஹார்னஸ் வெயிலுக்கு ஆகாது. பட்டைகள் மட்டும் உள்ளதாகப் பாருங்கள். வாய்ப்பூட்டு போட்டே ஆக வேண்டிய நாயென்றால் கூடை வடிவத்தில் இருப்பதைப் போடுங்கள். உள்ளே வாயை முழுதாகத் திறந்து மூச்சிரைக்க இடம் இருக்க வேண்டும். வாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் துணிப்பூட்டை வெயிலில் போட்டுக் கூட்டிப்போவது, நமக்கு வியர்வையே வராமல் உடம்பெல்லாம் பிளாஸ்டர் ஒட்டியது மாதிரி.

நனைத்துப் போடும் குளிர்ச் சட்டைகள் கிடைக்கின்றன. வறண்ட காற்றில் பயன் உண்டு, புழுக்கத்தில் குறைவு. காய்ந்ததும் மறுபடி நனைக்காவிட்டால் அதுவே போர்வை ஆகிவிடும். பாதக் காலணிகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. அவ்வளவு சூடான தரையில் நடக்கவே வேண்டாம் என்பதுதான் சரி.

வெள்ளை ரோமம், இளஞ்சிவப்பு மூக்கு உள்ள நாய்களுக்கு மூக்கும் காது நுனியும் வெயிலில் வெந்துவிடும். நாய்களுக்கென்றே வரும் கிரீம் தடவலாம். நாம் பூசும் கிரீம் வேண்டாம், பலவற்றில் ஜிங்க் ஆக்சைடு இருக்கும், நக்கினால் விஷம்.

கையில் ஒரு லிட்டர் தண்ணீர், மடக்குக் கிண்ணம், ஒரு சின்னத் துண்டு, போனில் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனை எண். அவ்வளவுதான் என் பை.

படி 5: வேகத்தைக் குறைத்து மூக்குக்கு வேலை கொடுங்கள்

வெயில் நாளில் தூரத்தை எண்ணுவதை விட்டுவிடுங்கள். நாய்க்குக் கால்களைவிட மூக்குதான் பெரிய விளையாட்டு. கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, அது எங்கே முகர நினைக்கிறதோ அங்கே நின்று, அது போதும் என்று நகரும்வரை காத்திருங்கள். ஒரு வேலிக் கம்பத்தை மணி முழுதாக இரண்டு நிமிடம் முகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். முதலில் மேலிருந்து கீழே, அப்புறம் ஒரு பக்கமாக, கடைசியில் கண்ணை லேசாக மூடிக்கொண்டு ஒரே இடத்தில் மூக்கைப் பதித்து நின்றான். யாரோ எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது போல. அப்படி இருபது நிமிடம் முகர்ந்துவிட்டு வந்த நாய் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறது.

நிழலான புல்லில் அதன் தீனித் துண்டுகளைப் பத்திருபது தூவிவிட்டு ‘தேடு’ என்று சொல்லிப் பழக்கலாம். மரத்துக்குப் பின்னால் நீங்களே ஒளிந்துகொண்டு கூப்பிடலாம். உட்கார், நில், வா போன்ற பழைய பாடங்களைப் புது இடத்தில் சொல்லிப் பார்ப்பதும் உழைப்புத்தான்.

பந்து எறிவதை அறவே விட வேண்டியதில்லை. காலையில் ஐந்து எறி, அதுவும் இரண்டு எறிக்கு நடுவே மூச்சு சீராகும்வரை காத்திருந்து. ஐந்து முடிந்ததும் பந்து பைக்குள் போய்விடும், எவ்வளவு கெஞ்சினாலும் வெளியே வராது. சைக்கிளில் கட்டி ஓட்டிப்போவதை வெயில் காலத்தில் முழுதாக நிறுத்துங்கள். சைக்கிளில் போகிறவருக்குக் காற்று வாங்கும், நாய் பின்தங்குவதும் கண்ணில் படாது. உங்களோடு ஜாகிங் வந்து பழகிய நாயானால் நீங்கள் தனியாக ஓடிவிட்டு வந்து, அப்புறம் அதை நடக்கக் கூட்டிப்போங்கள்.

வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் கிளம்ப வேண்டாம். ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஓரிரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

படி 6: தண்ணீர், குடிக்கவும் குளிக்கவும்

ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லி தண்ணீர் தேவை என்று சொல்வார்கள். வெயிலில் நடந்தால் இன்னும் கூடும். கிளம்பும் முன் கொஞ்சம், வழியில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் என்று கொடுங்கள். மூச்சு வாங்க வாங்க ஒரே மூச்சில் கிண்ணத்தைக் காலி செய்யவிடாதீர்கள், வாந்தி எடுத்துவிடும். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தால் நாய் செத்துவிடும் என்று அவ்வப்போது ஒரு பயமுறுத்தல் சுற்றிவரும். அதில் உண்மை இல்லை.

நீச்சல் அருமையான கோடைப் பயிற்சி. மூட்டு வலி உள்ள நாய்க்கும் ஒத்துவரும். ஆனால் எல்லா நாய்க்கும் நீந்த வராது. புல்டாக் போன்றவை கல் மாதிரி மூழ்கும், மிதவைச் சட்டை போடாமல் இறக்காதீர்கள். பச்சை பெயிண்ட் கொட்டியது போலப் படலம் மிதக்கும் குளத்தில் நீலப்பச்சைப் பாசி இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய் சில மணி நேரத்திலேயே இறந்துபோகலாம், கிட்டேயே போகாதீர்கள். தேங்கிய நீரில் எலிச்சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும், அதற்குத் தடுப்பூசி உண்டு. தண்ணீரில் பொம்மையை எறிந்து எடுத்துவரச் சொல்லும்போது, வாயைத் திறந்தபடி நீந்தும் நாய் ஏராளமான தண்ணீரை விழுங்கிவிடும். அளவு மீறினால் ரத்தத்தில் உப்பு குறைந்து தள்ளாடும், வலிப்பு வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றுங்கள்.

படி 7: முகத்தைப் பார்த்துக்கொண்டே நடங்கள்

சந்தோஷமாக மூச்சிரைப்பதும், முடியாமல் மூச்சிரைப்பதும் வேறு வேறு. சாதாரணமாக இரைக்கும் நாய் இடையிடையே வாயை மூடி எச்சில் விழுங்கும், காதை அசைக்கும், பெயர் சொன்னால் திரும்பும். முடியாமல் போகும் நாய் வாயை மூடாது. நாக்கு நீண்டு நுனி அகலும், வாயோரங்கள் பின்னால் இழுபடும். முன்னால் இழுத்துக்கொண்டு போனது உங்கள் பக்கத்துக்கு வரும், அப்புறம் பின்னால் போகும், நிழலைக் கண்டால் நிற்கும். இந்த ‘பின்னால் போவது’தான் நான் நம்பும் முதல் அடையாளம். அங்கேயே நடையை முடியுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று இழுக்காதீர்கள். ஓட்டம் நின்ற பிறகும் சில நிமிடம் உடல் வெப்பம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

ஈறு செக்கச்செவேல் என்று ஆவது, எச்சில் கெட்டியாகிப் பசையாவது, வாந்தி, ரத்தம் கலந்த பேதி, போதையேறியது போலத் தள்ளாடுவது, கூப்பிட்டால் உணராதது, விழுவது, வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் அவசர நிலை.

அவசரம் என்றால்

முதலில் குளிரவையுங்கள், அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். இந்த வரிசை முக்கியம். பதற்றத்தில் நாயைத் தூக்கிக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு ஓடுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். போய்ச் சேரும்வரை அது உள்ளே வெந்துகொண்டே இருக்கும்.

நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஆரோக்கியமான இளம் நாயானால் தலை மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் உடம்பை முக்கலாம். வயதானது, நோயுள்ளது என்றால் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். நாயின் உடம்பைவிடக் குளிர்ந்திருக்கும் எந்தத் தண்ணீரும் உதவும், ஐஸ் தேடி ஓட வேண்டாம். ஈரத் துண்டால் போர்த்திவிடாதீர்கள். சீக்கிரமே அது சூடாகி உள்ளே வெப்பத்தைப் பூட்டிவிடும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நமக்கான காய்ச்சல் மாத்திரை எதையும் கொடுக்கவே கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் 39.5 டிகிரிக்கு வந்ததும் நனைப்பதை நிறுத்துங்கள். இல்லையென்றால் மூச்சு நிதானப்படுவதைப் பார்த்து நிறுத்தலாம்.

இதற்குள் யாரையாவது மருத்துவமனைக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். போகும் வண்டியில் ஜன்னலைத் திறந்தோ ஏசியைப் போட்டோ காற்றுப் படும்படி வையுங்கள். எழுந்து வாலாட்டிவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றில் ஏற்படும் சேதம் ஓரிரு நாள் கழித்தும் வெளியே தெரியலாம்.

படி 8: வீடு திரும்பிய பிறகு

நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். கொப்புளம், தோல் உரிதல், விரலிடுக்கில் முள்ளோ புல் விதையோ இருக்கிறதா? நொண்டுவது, பாதத்தை விடாமல் நக்குவது இரண்டும் அடையாளம். அப்புறம் உண்ணி. காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், வால் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். வெயில் காலத்தில் உண்ணி பெருகும், அதன் கடியில் எர்லிக்கியா, பேபிசியா போன்ற நோய்கள் வரும். கண்டால் முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பால் சுடுவது எல்லாம் வேண்டாம்.

கடைசியாக, நான் மிகவும் ரசிக்கும் ஒரு வித்தை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பணி நாய்கள் மையம் 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஓடி முடித்த நாய்களைக் குளிரவைக்கச் சில முறைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், தானாகவே தண்ணீரில் தலையை முக்க நாயைப் பழக்குவதுதான் மற்றவற்றைவிடச் சீக்கிரம் உடல் வெப்பத்தைக் குறைத்தது. வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம். காலிப் பாத்திரத்தின் அடியில் தீனி போட்டு எடுக்க விடுங்கள். மறுநாள் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி, மூழ்கும் தீனியாகப் போடுங்கள். தயங்காமல் எடுத்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்தைக் கூட்டுங்கள். தலையைப் பிடித்து அழுத்தவே கூடாது, ஒரு தடவை பயந்துவிட்டால் பாத்திரத்தைக் கண்டாலே ஓடும். மூச்சு தாறுமாறாக இரைக்கும் நாயிடமோ தள்ளாடும் நாயிடமோ இதை முயலக் கூடாது, நிதானத்தில் இருக்கும் நாய்க்குத்தான் இது. சப்பை மூக்கு நாய்களுக்கு இதை விட்டுவிடுங்கள்.

மணிக்கு ஒன்பது நாள் பிடித்தது. முதல் மூன்று நாள் தண்ணீரைக் காலால் தட்டிக் கொட்டி, தரையில் கிடந்த தீனியை எடுத்துத் தின்றான். இப்போது வாக்கிங் முடிந்து கேட்டைத் திறந்ததும் நேரே நீலப் பக்கெட்டுக்குப் போய்க் கண்வரை முக்கி, குமிழி விட்டு, தலையை எடுத்து, மிகச் சரியாக என் பக்கத்தில் வந்து நின்றுதான் உதறுவான்.